ஆடியில் பேசாத நாட்கள்

கண்ணாடிக் குவளையை அவள் முதலில் இவர் பக்கம்தான் வைத்தாள். பிறகுதான் எனக்கு. தோட்டம் இவர் பேரில் இருக்கிறது, கம்பெனிக்குப் பழம் போடுவது இவர், அதனால் முதலில் இவருக்கு வைத்தாள் என்று ஒரு மனம் சொல்கிறது. இன்னொரு மனம் இருக்கிறது, கெட்ட மனம், எனக்கு எப்போதும் அதுதான் முதலில் விழித்துக்கொள்ளும். அது சொல்கிறது, பார், இவருக்கு வைக்கும்போது குவளையின் தண்டைப் பிடித்து நகர்த்தி, கைக்கு வாகாக வைத்தாள், உனக்கு வைத்தது சும்மா வைத்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். சிவனாண்டி. மனசுக்குள் பேர் சொன்னால்கூட நாக்கு கூசுகிறது. அவள் என்றால் ஹேமலதா, ஒயின் கம்பெனியில் பழத்தைச் சோதித்து, பறிக்க நாள் சொல்கிறவள், கோயம்புத்தூர்க்காரி. வாயால் கூப்பிடும்போது மேடம், மனசுக்குள் அவள். ஒரு வருஷமாக அப்படித்தான். “இது உங்க தோட்டத்து ஒயின் சார்” என்கிறாள், உங்க என்னும்போது கண் இவர் மேல்தான் இருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஏசி குளிரில் கால் விரல் சுருண்டுபோய். அறைக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் எவர்சில்வர் தொட்டிகள். புளித்த வாடையும் இனிப்பு வாடையும் கலந்து மூக்கில் ஏறுகிறது. குடும்பத்தோடு வாருங்கள், உங்கள் பழத்தில் செய்ததை ருசி பாருங்கள் என்று கம்பெனியில் சொன்னார்களாம். குடும்பம் என்று சொன்னதால்தான் என்னைக் கூட்டிவந்தார். இல்லாவிட்டால் வண்டியில் தனியாகத்தான் வந்திருப்பார், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு. இன்றைக்கும் இஸ்திரி போட்ட சட்டைதான். என்னோடு எங்கள் ஊர்ச் சந்தைக்கு வர எந்தக் காலத்தில் இஸ்திரி போட்டார்?

“ஒயின்ல அந்த வருஷத்து வெயிலு, மழை, காத்து எல்லாம் இருக்குங்கக்கா” என்று அவள் என்னைப் பார்த்துச் சொல்கிறாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இல்லை, நன்றாகத்தான் சொல்கிறாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவாம். நான் உனக்கு எந்த வழியில் அக்கா. “சித்திரையில கவாத்து பண்ணினோம் இல்லீங்களா, அதுலருந்து ஆரம்பிச்சுப் பாத்தீங்கன்னா...” என்று அவள் கதை சொல்லத் தொடங்குகிறாள், குவளையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. எனக்கும் சித்திரையில்தான் ஆரம்பித்தது. பந்தலில் கொடியை மொட்டையடித்து வெட்டிக்கொண்டிருந்தோம், ஏழெட்டு ஆள், நான் வெட்டிய குச்சிகளை அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் வந்து இறங்கினாள், பேண்ட் சட்டை, தலையில் தொப்பி. இந்த வருஷம் உங்கள் பன்னீர்த் திராட்சையை நாங்கள் எடுக்கிறோம், ஆனால் தினமும் காலையில் வானம் எப்படி இருக்கிறது என்று எனக்குப் போனில் சொல்ல வேண்டும் சார் என்றாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் நாம், ஒரு தோட்டத்தில் பெய்வது பக்கத்துத் தோட்டத்தில் பெய்யாது, கம்பெனியில் உட்கார்ந்து எனக்குத் தெரியாது என்றாள். நியாயமான பேச்சுதான். இவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு ஆட்ட ஆரம்பித்த தலை. பொறாமைதான், அதற்கு வேறு பேர் எதற்கு, எனக்கு நாற்பத்தாறு வயது, பொறாமைப்படுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கம் இல்லை, அடுத்தவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பயம்.

பேசுவதற்கு இவரிடம் என்ன இருக்கிறது, அதுதான் எனக்குப் புரியாதது. வீட்டில் வாயைத் திறந்தால் உப்பு, சோறு, மோட்டார், இந்த மூன்று சொல்தான். காலையில் அடுப்படி வாசலில் டம்ளரோடு வந்து நிற்பார். “இன்னைக்கு எப்படி புள்ள இருக்கும்?” என்பார். கல்யாணமான மறுநாளிலிருந்து இது ஒரு வழக்கம். அடுப்படி ஜன்னலில் மேற்கு மலை தெரியும். நான் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்வேன், வேலை நடுவில், மாவைக் கரைத்துக்கொண்டு, சில நாள் எரிச்சலில், சில நாள் சிரிப்பில். ம்ம் என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார். ஒரு நாளும் அதற்கு ஒரு பதில் சொன்னதில்லை, நன்றாகச் சொன்னாய் என்றதில்லை, சிரித்ததுகூட இல்லை. அப்படிப்பட்ட மனுஷன் மோட்டார் ரூம் பக்கம் போய் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பேசுகிறார். நான் எட்டிப் பார்த்தேன், ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பேசுகிறார், நிறுத்துகிறார், அந்தப் பக்கம் அவள் சிரிக்கிறாள், சிரிப்பு போனுக்கு வெளியே கேட்கிறது, இவரும் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரு பானையில் சோறு தின்றும் எனக்குக் காட்டாத பல்வரிசை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வைகாசில பூ பிடிக்கிற சமயம், நல்ல வெயிலு. ஒரு மழை வந்திருந்தா பூவெல்லாம் கொட்டியிருக்கும், வரல” என்கிறாள். ஆமாம், வரவில்லை. நான் வர வேண்டிக்கொண்டேன். இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா? சொந்தப் பந்தலில் பூ இருக்கிறது, கொத்துக் கொத்தாகப் பச்சைக் கடுகு மாதிரி, அதைப் பார்த்துக்கொண்டே, சுருளி மலைப் பக்கம் கையெடுத்து, ஒரு பெருமழை வரட்டும், பூ கொட்டட்டும், காய் வேண்டாம், அவளும் வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்த உடனே வாயில் அடித்துக்கொண்டேன். அதற்கு முந்தின வருஷம் மழையில் பழம் வெடித்துப் புழு வைத்துக் கூடை கூடையாக ஓடையில் கொட்டியபோது இவர் கரையில் உட்கார்ந்திருந்த கோலம் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் நினைத்தேன். மழை வந்தால் அவள் வர மாட்டாள், வெயில் அடித்தால் சீக்கிரம் பழுக்கும், பழுத்தால் பறித்துவிடுவார்கள், பறித்தால் அவள் வேலை முடிந்தது. மழையும் வேண்டும், வெயிலும் வேண்டும், எப்படியாவது அவள் போக வேண்டும். வானத்துக்கு என் மனசு தெரிந்திருந்தால் அதற்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அது அதன் பாட்டுக்கு இருந்தது, மூடாப்பும் இல்லை, பெருவெயிலும் இல்லை, ஆனி முழுக்க இழுத்தது. பழத்தில் நிறம் ஏறுகிறது, இனிப்பு ஏறவில்லை. இனிப்பு ஏறவில்லை என்று அவள் வாரத்துக்கு ஒருதரம் வந்தவள் மூன்றுதரம் வர ஆரம்பித்தாள்.

அந்த நாளுக்கு வரக்கூடாது என்று மனசைப் பிடித்து இழுக்கிறேன், அது அங்கேதான் போய் நிற்கும், புண்ணில் ஈ மாதிரி. ஆடி பிறந்து நாலைந்து நாள். பந்தலுக்குக் கீழே நிழலும் வெளிச்சமும் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. அவள் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டு மென்றாள், கொட்டையை உள்ளங்கையில் துப்பினாள். கொட்டை பழுப்பாகிவிட்டதா என்று பார்ப்பார்களாம், பச்சையாக இருந்தால் இன்னும் நாள் இருக்கிறதாம். படித்தவர்கள் செய்கிற முறை, இருக்கட்டும். “பாருங்க சார்” என்று கையை நீட்டினாள். இவர் குனிந்து பார்த்திருக்கலாம். கண் இருக்கிறது அல்லவா? பார்த்திருக்கலாம். விரலை நீட்டி, அவள் உள்ளங்கையிலிருந்து அந்தக் கொட்டையை எடுத்தார். அவள் எச்சில் பட்ட கொட்டை. எடுத்து விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். நான் மூன்று வரிசை தள்ளிக் கொத்தில் சொத்தைக் காய் கிள்ளிக்கொண்டிருந்தேன், என் கையிலிருந்த கொத்தையே முழுசாகக் கிள்ளிப் போட்டுவிட்டேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கொட்டையைக் கீழே போட்டார், வேட்டியில் விரலைத் துடைத்தார், அவள் வேறு கொடிக்குப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்கும் தெரியும். நடக்காததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நடந்திருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன், ஒரு கொட்டைக்கு எப்படிக் கத்துவது? அன்றைக்கு ராத்திரியிலிருந்து பேச்சை நிறுத்தினேன்.

அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குவளையை மேசையில் வைத்து வட்டமாகச் சுழற்றுகிறாள், ஒயின் ஓரத்தில் ஏறி மெதுவாக இறங்குகிறது, இவர் அதே மாதிரி சுழற்றப் பார்த்துச் சட்டையில் இரண்டு சொட்டுத் தெறிக்கிறது. நல்லா வேணும். “ஆனா சார் மாதிரி வானத்தச் சொல்ல ஆளில்லைங்க. பதினஞ்சு தோட்டத்துக்காரங்க எனக்குப் போன் பண்றாங்க. எல்லாரும் வெயிலு, மழை, மூடாப்பு, அவ்ளோதான். சார் மட்டும்தான் நம்ம கண்ணு முன்னாடி கொண்டாந்து நிறுத்துவாரு” என்று சிரிக்கிறாள். அதே சிரிப்பு, போனுக்கு வெளியே கேட்ட சிரிப்பு. இவர் தலையைக் குனிந்துகொள்கிறார். “ஆனில ஒரு நாள் சொன்னாரு, எனக்கு இன்னும் மறக்கல. ‘மேகம் பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி வருது, உக்காருது, பஜ்ஜியத் தின்னுட்டுப் பதில் சொல்லாமப் போகுது’ அப்படீன்னாரு.” அது நான் சொன்னது. வெங்காயம் நறுக்கிக்கொண்டு சொன்னேன், எங்கள் மகளை மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன ஆத்திரத்தில் சொன்னேன், கண்ணில் தண்ணீர் வழிந்தது, வெங்காயத்துக்குக் கொஞ்சம், மகளுக்குக் கொஞ்சம். “வைகாசில ‘வெயிலு மாமியா கண்ணு மாதிரி முதுகுலயே நிக்குது’ன்னாரு. நான் எங்க மாமியார்கிட்டயே சொல்லிச் சிரிச்சேன்.” அதுவும் நான் சொன்னது. இவருக்கு ஏது மாமியார் கண், எங்கள் அம்மா இவரைத் தங்கம் தங்கம் என்று தாங்கினாள். மாமியார் கண் முதுகில் நின்றது எனக்கு.

அப்படியானால். அப்படியானால் டம்ளரோடு வந்து அடுப்படியில் நின்றது. ம்ம் என்று கேட்டுக்கொண்டு நேராக மோட்டார் ரூமுக்குப் போனது. என் வாயிலிருந்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய் அவள் காதில் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு சிரிப்புக்கூடக் கொடுக்காமல், என் சொல்லை விற்று அவளிடம் சிரிப்பு வாங்கியிருக்கிறார். திருடன். நகையைக் கொண்டுபோய் அவளுக்குப் போட்டிருந்தால்கூட இத்தனை எரிந்திருக்காது, நகை கடையில் வாங்கியது, இது என் வயிற்றெரிச்சலில் இருந்து வந்தது. எரிகிறது. ஆனால் எரிகிற இடத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது, என்ன அது, பிடிபட மாட்டேன் என்கிறது. அவள் சிரித்தது என் பேச்சுக்கு. சித்திரையிலிருந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தது இவர் இல்லை, நான். எந்தப் பேச்சுக்காக நான் அவளை வெறுத்தேனோ அந்தப் பேச்சே என்னுடையது. என் பேச்சைப் பார்த்து எனக்கே பொறாமையா? இப்படி ஒரு கூத்து எங்கேயாவது உண்டா? ஓரக்கண்ணால் இவரைப் பார்க்கிறேன், இவர் என்னைப் பார்க்கவில்லை, சட்டையில் தெறித்த சொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார், காது மட்டும் சிவந்திருக்கிறது.

“ஆனா ஆடில என்னாச்சு சார் உங்களுக்கு?” என்கிறாள் அவள். “ரெண்டு வாரம் போல ஒண்ணுமே சொல்லலீங்க நீங்க. ‘காத்து அடிக்குது மேடம்’, ‘சாரல் மேடம்’, அவ்ளோதான். உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்.” இவர் தொண்டையைச் செருமினார். ஆடியில் நான் பேசவில்லை. தட்டை வைப்பேன், சத்தம் வர வைப்பேன். காலையில் வந்து நிற்பார், இன்னைக்கு எப்படி இருக்கும் என்பார், நான் அம்மியைப் பார்ப்பேன். கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார். போன் பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்தது, நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன், அவளோடு சண்டை போல, நல்லது என்று. மேற்கே கறுப்பாகத் திரண்ட அன்றைக்கு ஊரே அரக்கப் பரக்கப் பழத்தைப் பறித்தது, டெம்போ மேல் டெம்போ போனது. இவர் அடுப்படி வாசலில் வந்து, “பறிச்சிரலாமா புள்ள? பெருசா வருமா?” என்று கேட்டார். கெஞ்சுகிற குரல். எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது, வரும், பெரிதாக வரும், உடனே பறித்துப் போடுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் கொட்டை நினைவுக்கு வந்தது. பானை மூடியை எடுத்து டங்கென்று வைத்தேன். ஒன்றும் தெரியாமல் போய்விட்டார். வந்தது பெருமழை இல்லை, துணி உதறின ஈரம். அதற்குப் பின்னால் கணவாயிலிருந்து வறண்ட காற்று இறங்கியது, பத்து நாள் போல, பந்தல் கம்பி ஊஊ என்று ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. நான் பேசியிருந்தால் அன்றைக்கே பறித்திருப்பார். என் கணிப்பு அத்தனை தப்பு.

“அந்தப் பத்து நாள் காத்துதாங்கக்கா இந்த ஒயினே” என்று அவள் என் பக்கம் திரும்பிச் சொல்கிறாள். “மத்த தோட்டமெல்லாம் முன்னாடியே பறிச்சிட்டாங்க, அதெல்லாம் தண்ணியா இருக்குது. உங்க பழம் மட்டும் கொடிலயே நின்னுச்சு, லேசாச் சுருங்கி, தோல் தடிச்சு, இனிப்பு ஏறி. சார் தைரியமா நின்னாரு.” தைரியமா! கேட்க ஆளில்லாமல் திக்குத் தெரியாமல் நின்றவரை இவள் தைரியம் என்கிறாள். சிரிப்பு வருகிறது, வாயை முந்தானையால் பொத்துகிறேன். காற்றுக்குப் பேர் கிடைத்துவிட்டது, இவருக்குப் பேர் கிடைத்துவிட்டது, மூடியை டங்கென்று வைத்தவளுக்கு ஒன்றும் இல்லை. காற்றின் மேல்கூடப் பொறாமையாக இருக்கிறது. “இப்ப குடிச்சிட்டு நீங்களே சொல்லணும் சார், உங்க பாணில” என்கிறாள். “எப்படி இருக்குன்னு நீங்க சொல்றத அப்படியே பாட்டில் லேபிள்ல போடலாம்னு நான் மேலதிகாரிங்ககிட்ட பேசிட்டேன்.” இவர் குவளையைத் தூக்கி மருந்து குடிப்பது மாதிரி ஒரே மடக்காகக் குடித்தார். உதட்டைத் துடைத்தார். “நல்லா இருக்கு மேடம்” என்றார். அவள் காத்திருந்தாள். “இனிப்பா இருக்கு... கொஞ்சம் கசப்பாவும் இருக்கு” என்றார். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நிற்கிறது, இன்னும் வரும் என்று. வரவில்லை. நெற்றியில் வேர்க்கிறது, இந்தக் குளிரில். மெதுவாக இவர் கண் என் பக்கம் திரும்பியது. அதே பார்வை, டம்ளரோடு அடுப்படி வாசலில் நிற்கிற பார்வை, இன்னைக்கு எப்படி புள்ள இருக்கும். இருபத்தாறு வருஷமாக அந்தப் பார்வையை நான் கேள்வி என்றுகூட நினைக்கவில்லை, வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நிற்கட்டும். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். ஒரு கொட்டைக்கு இவ்வளவாவது வேண்டாமா? நான் குவளையை எடுத்தேன். இதுவரை தொட்டதில்லை, எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளை யாராவது பார்த்தால் மானம் போய்விடும், கதவு சாத்தித்தான் இருக்கிறது. மூக்குக்குக் கிட்டே வரும்போதே பந்தல் வாடை, மத்தியானத்துப் பந்தல், காற்றடித்துக் காய்ந்த இலை. வாயில் ஊற்றியதும் முதலில் உறைக்கிற மாதிரி ஒரு கசப்பு, நாக்கைப் பிடித்து இழுக்கிறது, வேண்டாம் என்று துப்பப் போனேன், அதற்குள் எங்கிருந்தோ இனிப்பு வந்தது, பின்னாலிருந்து, தொண்டைப் பக்கத்திலிருந்து, வெட்கப்பட்டுக்கொண்டு. இது எனக்குத் தெரிந்த ருசி. இதை நான் முன்னால் ருசித்திருக்கிறேன். எங்கே, எப்போது. பழம் பறித்த அன்றைக்குச் சாயங்காலம், ஆட்கள் எல்லாம் போன பிறகு, இவர் காலி வண்டிப் பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது. சொன்னேன். யார் சொல்கிறார்கள் என்று தெரியாமலே என் வாய் சொன்னது.

“பதினஞ்சு நாளு வீட்டுக்காரரோட பேசாம இருந்துட்டு, மொதமொதல்ல ‘சாப்புட வாங்க’ன்னு சொல்றப்ப நாக்குல ஒரு ருசி இருக்கும்ல மேடம். அதுதான் இது.”

அவள் கையில் சுழன்றுகொண்டிருந்த குவளை நின்றது. என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். கெட்டிக்காரி, ஒரு நொடியில் எல்லாம் பிடிபட்டுவிட்டது அவளுக்கு, பெண் பார்க்க வந்த மேகம், மாமியார் கண், எல்லாம். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள், முழங்கால் இடிக்கிற கிட்டத்தில். “உங்க பேரு என்னங்கக்கா?” என்றாள். ஒரு வருஷமாக வீட்டுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போகிறவள், இப்போதுதான் பேர் கேட்கிறாள். வீருசின்னம்மாள் என்றேன். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போனை எடுத்தாள். “உங்க நம்பர் சொல்லுங்கக்கா. அடுத்த கவாத்துலருந்து காலையில நீங்களே எனக்குப் பேசுங்க.”

“என் நம்பர்தான் இருக்கே மேடம்” என்றார் இவர்.

சட்டென்று சொன்னார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. குரல் ஒரு மாதிரி மேலே ஏறி, நடுவில் தடுக்கி, சிரிப்பு மாதிரி முடிந்தது. “அவளுக்கு அடுப்படி வேல இருக்கும், நானே சொல்லிர்றேன், எப்பவும் போல...” அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். சித்திரையிலிருந்து என் தொண்டைக்குள் கிடந்து புரண்டதே அதுதான், ஒரு வித்தியாசமும் இல்லை, யாரோ என்னிடமிருந்து எடுத்து இவர் தொண்டையில் வைத்துவிட்டார்கள். பாவமாக இருந்தது. இனிப்பாகவும் இருந்தது. மகள் வாங்கிக்கொடுத்த பட்டன் போன் முந்தானை முடிச்சுக்குள் இருக்கிறது, நம்பர் எனக்கு மனப்பாடம். அவள் பக்கம் திரும்பாமல், இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.